லா ரிவ்யூவுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி? முதல்முறை அனுப்புகிறவர்களுக்கு

லா ரிவ்யூ என்று சொல்லப்படுகிற அமெரிக்கச் சட்டக் கல்லூரி இதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்ப நினைக்கிறீர்கள் என்றால், வேறு எதற்கும் முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கட்டுரையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவது ஒரு மாணவர். பேராசிரியர் இல்லை, நீதிபதி இல்லை, அந்தத் துறையில் 20 வருடம் ஊறியவரும் இல்லை. 3 வருடச் சட்டப் படிப்பில் இரண்டாவது வருடத்தையோ மூன்றாவது வருடத்தையோ ஓட்டிக்கொண்டு, நடுவில் வேலைக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டு, இரவு 11 மணிக்கு அன்றைய பத்தாவது கட்டுரையாக உங்களுடையதைத் திறக்கிற ஒருவர்.

மருத்துவ ஆராய்ச்சியில் இருக்கிற என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "அப்போ அவங்க பரீட்சைப் பேப்பரை நீங்க திருத்துறீங்க, உங்க கட்டுரையை அவங்க திருத்துறாங்களா?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான். இதைச் சரி தப்பு என்று அமெரிக்கர்களே ரொம்ப காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் தலைப்பு வைப்பதிலிருந்து அடிக்குறிப்பு போடுவது வரை நான் கீழே சொல்லப்போகிற அத்தனைக்கும் இந்த ஒரு விஷயம்தான் காரணம், அதனால் இதை மறந்துவிட வேண்டாம்.

எப்படி இப்படி ஆனது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இதழ் 1852இல் வேறு பெயரில் தொடங்கியது, அதுதான் அங்கே மூத்தது. ஆனால் மாணவர்களே நடத்துவது என்ற பாணி நிலைத்தது 1887இல் ஹார்வர்ட் லா ரிவ்யூ வந்த பிறகுதான். அதற்கு 2 வருடம் முன்னால் இங்கிலாந்தில் லா குவார்ட்டர்லி ரிவ்யூ தொடங்கியிருந்தது, அதை நடத்தியவர்கள் அறிஞர்கள். யேல் லா ஜர்னல் 1891. அதே 1891இல் நம்ம மயிலாப்பூர் வக்கீல்கள் மெட்ராஸ் லா ஜர்னலைத் தொடங்கினார்கள். அது வக்கீல்கள் வக்கீல்களுக்காக நடத்தியது, தீர்ப்புகளும் வரும், கட்டுரையும் வரும். ஆக சட்டத்தைப் பற்றி எழுத மாணவர் கை, பேராசிரியர் கை, வக்கீல் கை என்று மூன்று வழி ஏறக்குறைய ஒரே சமயத்தில் கிளம்பியிருக்கிறது. இன்று இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் வருகிற இதழ்கள் பெரும்பாலும் முதல் வழியைப் பின்பற்றுகின்றன, கூடவே வெளியாட்களின் மதிப்பாய்வும் வைத்துக்கொள்கின்றன.

முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிய வேண்டும்

இந்தியாவில் எல்எல்பி படிக்கிற மாணவராக இருந்தால் அமெரிக்க இதழ்களைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். அங்கே மாணவர் எழுதுவதற்கு 'நோட்' என்று பெயர், அதைப் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரி மாணவர்களிடமிருந்து மட்டும்தான் வாங்குவார்கள். நோட் என்றால் ஏதோ துண்டுக் குறிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். லினா கான் மாணவியாக இருந்தபோது எழுதி 2017 ஜனவரியில் யேல் லா ஜர்னலில் வந்த அமேசான் பற்றிய நோட் 90 பக்கத்துக்கு மேல். ஏகபோகத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிய பேச்சையே அது திருப்பிவிட்டது, 4 வருடம் கழித்து அவர் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கே தலைவரானார். ஆனால் அந்தக் கதவு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் திறக்கும். நீங்கள் என்யுஜேஎஸ் லா ரிவ்யூ, நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவ்யூ, நல்சாரிலிருந்து வருகிற இந்தியன் ஜர்னல் ஆஃப் கான்ஸ்டிடியூஷனல் லா மாதிரியான இடங்களில் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் யார் எழுதலாம், எத்தனை சொல், என்ன பாணி என்று அறிவிப்பு இருக்கும். அதை முழுதாகப் படியுங்கள். படிக்காமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம், அதனால் படித்தாலே நீங்கள் கொஞ்சம் முன்னால் வந்துவிடுவீர்கள்.

ஆசிரியர், ஆராய்ச்சி மாணவர், எல்எல்எம் முடித்தவர், வக்கீல் என்றால் மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மாணவர் நடத்தும் அமெரிக்க இதழ்கள். இவற்றில் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் 50 இடத்துக்கு அனுப்பலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு, துறை அறிஞர்கள் மதிப்பிடுகிற இதழ்கள்: இங்கிலாந்தில் மாடர்ன் லா ரிவ்யூ, கேம்பிரிட்ஜ் லா ஜர்னல், ஆக்ஸ்ஃபோர்ட் ஜர்னல் ஆஃப் லீகல் ஸ்டடீஸ், அமெரிக்காவிலேயே சிகாகோவிலிருந்து வருகிற ஜர்னல் ஆஃப் லா அண்ட் எகனாமிக்ஸ் போன்றவை. இங்கே ஒரு நேரத்தில் ஒரு இடம்தான். ஒன்றுக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றுக்கும் ரகசியமாக அனுப்பினால், மதிப்பிடுகிற ஆள் ஒரே ஆளாக இருந்து மாட்டிக்கொள்வீர்கள். சின்ன உலகம். மூன்று, இந்திய இதழ்கள். இவற்றிலும் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு இடம் என்பதுதான் விதி. முதல் வகையின் பழக்கத்தை இரண்டாவது வகைக்குக் கொண்டுபோவதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு.

தலைப்பு இருக்கிறது, வாதம் எங்கே?

"தமிழ்நாட்டில் வாடகைச் சட்டம்: ஓர் ஆய்வு." இப்படித் தொடங்கினால் அது கட்டுரை ஆகாது, பாடநூலின் ஒரு பாடம்தான் ஆகும். சட்டக் கட்டுரைக்கு ஒரு வாதம் வேண்டும், அதை 2 வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும், அதைக் கேட்டு ஒருத்தராவது "அதெப்படி?" என்று எதிர்த்துப் பேச வேண்டும்.

இதே விஷயத்தையே எடுத்துப் பார்க்கலாம். நம்மூரில் வீடு வாடகைக்குப் போகிற எல்லோரும் 11 மாத ஒப்பந்தம்தான் போடுகிறோம். ஏன் 11? 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது, அதைத் தாண்டாமல் நிற்பதற்கு 11. அப்புறம் தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றி 2017இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2019இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கென்று இருக்கிற அதிகாரியிடம் பதியவும் வேண்டும் என்கிறது அது, 11 மாதம் என்பதற்காக விட்டுவிடுவதில்லை. ஆனாலும் 11 மாதப் பழக்கம் அப்படியே இருக்கிறது. இப்போது வாதம் எங்கே வருகிறது என்று பாருங்கள். "பதிவு செய்யாததற்கான சுமையை இரண்டு பேர் மீதும் வைப்பது தவறு, பதியவிடாமல் தடுக்கிற பலம் உரிமையாளருக்குத்தான் இருக்கிறது, அதனால் விளைவும் அவர் மீதுதான் விழ வேண்டும்." இது சரியா தப்பா என்பது வேறு விஷயம், ஆனால் இதை எதிர்த்துப் பேசலாம். எதிர்த்துப் பேச முடிந்தால் கட்டுரை இருக்கிறது.

சரி, இதை இந்திய இதழுக்கு அப்படியே அனுப்பலாம். அமெரிக்க இதழுக்கு? அயோவாவில் உட்கார்ந்திருக்கிற மாணவர் ஆசிரியருக்கு வேளச்சேரி வாடகையில் என்ன அக்கறை இருக்கப்போகிறது. அவருக்கு அனுப்புவதென்றால் கேள்வியை ஒரு படி மேலே தூக்க வேண்டும். சட்டம் எங்கேயாவது ஒரு கோடு போட்டால் மக்கள் அந்தக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் போய் நிற்பார்கள். வரியில் இது நடக்கிறது, தொழிலாளர் சட்டத்தில் நடக்கிறது, வாடகையில் நடக்கிறது. அந்தக் கோட்டை எடுத்துவிட்ட பிறகும் பழக்கம் ஏன் போகவில்லை, அதை வைத்துச் சட்டம் இயற்றுகிறவர்கள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பது கேள்வியானால், சென்னை அதற்கு ஆதாரமாகிவிடும். உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான், முகப்பு மட்டும் வேறு. இதைச் சிலர் ஊரை விற்பது என்று குறை சொல்வார்கள். எனக்கும் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அடித்தளம் நேர்மையாக இருக்கிற வரைக்கும் யாருக்காக எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுவதில் தப்பில்லை என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நல்ல வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணத்தை நானும் சொல்லிவிடுகிறேன். 1890இல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்று பாஸ்டனில் தொழில் செய்த 2 வக்கீல்கள், பேராசிரியர்கள்கூட இல்லை, ஹார்வர்ட் லா ரிவ்யூவில் தனியுரிமை என்று ஒரு உரிமை இருக்கிறது என வாதாடி 28 பக்கம் எழுதினார்கள். 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று சொன்ன புட்டசாமி தீர்ப்பில் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவில் 127 வருடம்.

யாராவது எழுதிவிட்டார்களா?

வாதம் கிடைத்த உடனே எழுத உட்காராதீர்கள். வேறு யாராவது முன்பே எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் இதற்கு 'பிரியெம்ப்ஷன் செக்' என்று பெயர், மாணவர் ஆசிரியர்களும் இதைச் செய்வார்கள். சட்ட இதழ்களின் தொகுப்பான ஹெய்ன்ஆன்லைன், கட்டுரை வரைவுகளை எல்லோரும் ஏற்றி வைக்கிற எஸ்எஸ்ஆர்என், கூகுள் ஸ்காலர் மூன்றிலும் நாலைந்து விதமான சொற்களைப் போட்டுத் தேடுங்கள். இந்திய விஷயம் என்றால் எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா என்ற சந்தா கட்டுகிற சட்டத் தளங்கள். தீர்ப்புகளுக்குக் காசில்லாமல் இந்தியன் கானூன் இருக்கவே இருக்கிறது. கல்லூரியில் சந்தா இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்கிற சீனியர் யாரிடமாவது கேளுங்கள், அவர்கள் அலுவலகத்தில் ஒன்றாவது இருக்கும்.

நான் முதலில் எழுத நினைத்த விஷயத்தை வேறொருவர் 2 வருடம் முன்பே எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் நிதானமாக அதைப் படித்தால், அவர் தொடாத இடம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது, என் கட்டுரை அதிலிருந்துதான் வந்தது. உங்களுக்கு முன்னால் எழுதியவர் பகைவர் இல்லை, அவரைப் பெயர் சொல்லிக் காட்டி "இவர் இது வரை வந்தார், நான் இங்கிருந்து போகிறேன்" என்று சொன்னால் புதுமை எது என்று ஆசிரியருக்கு உடனே புரிந்துவிடும். மறைத்தால்தான் ஆபத்து.

எழுதுவது: முன்னுரையில்தான் எல்லாம்

மறுபடியும் அந்த இரவு 11 மணி மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சுருக்கத்தைப் படிப்பார், முன்னுரையைப் படிப்பார், மீதியைப் புரட்டுவார். அதனால் முன்னுரை 5, 6 பக்கம் போனாலும் பரவாயில்லை, அதற்குள் நாலு விஷயம் வந்துவிட வேண்டும்: என்ன பிரச்சினை, இதுவரை என்ன சொன்னார்கள், நீங்கள் சொல்வது என்ன, அதனால் யாருக்கு என்ன மாறும். கடைசிப் பத்தியில் "முதல் பகுதி இதைச் சொல்கிறது, இரண்டாம் பகுதி இதை" என்று வழி காட்டுவார்கள். அது படிக்க எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் போட்டுவிடுங்கள், போடாவிட்டால் தேடுவார்கள்.

நம்மில் பலருக்கு ஒரு பழக்கம், அரசமைப்புச் சட்ட முகவுரையிலிருந்தோ அர்த்தசாஸ்திரத்திலிருந்தோ ஆரம்பித்து மெதுவாக நடந்து 15ஆம் பக்கத்தில் விஷயத்துக்கு வருவது. அதைக் கைவிடுங்கள். ஒரு உண்மை வழக்கில் தொடங்குங்கள், ஒரு ஆளிடம் தொடங்குங்கள், 11 மாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற குடும்பத்திடம் தொடங்குங்கள்.

உடம்புப் பகுதிக்கு ஒரு பழகிய அமைப்பு உண்டு. முதலில் சட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்பது, பிறகு அதில் எங்கே கோளாறு, பிறகு உங்கள் தீர்வு, பிறகு அதற்கு வரக்கூடிய ஆட்சேபணைகளும் பதிலும். புதியவர்கள் முதல் பகுதியிலேயே பாதிக் கட்டுரையைச் செலவழித்துவிடுவார்கள், ஏனென்றால் அதுதான் சுலபம், தீர்ப்புகளைச் சுருக்கி எழுதிக்கொண்டே போகலாம். கால்பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணைப் பகுதியைத் தவிர்க்காதீர்கள். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து என்ன சொல்வார் என்று யோசித்து, அதை அவர் சொல்வதைவிட நன்றாகச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நீளம்: ஹார்வர்ட் அடிக்குறிப்பையும் சேர்த்து 25,000 சொற்களுக்குள் இருப்பதை விரும்புகிறது. இதுவே குறைத்த கணக்கு, முன்பெல்லாம் இன்னும் நீளமாக எழுதினார்கள், 2005 வாக்கில் பெரிய இதழ்கள் சேர்ந்து போதும் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. இந்திய இதழ்கள் பலவற்றில் இதில் பாதிகூடக் கிடையாது. இவ்வளவு நீளமாக எழுத விஷயமில்லை என்றால் இழுக்காதீர்கள். யேல், ஹார்வர்ட் போன்றவற்றுக்கு இணையத்தில் மட்டும் வருகிற துணை இதழ்கள் இருக்கின்றன, அங்கே சின்ன கட்டுரைகள் வரும், முடிவும் சீக்கிரம் தெரியும். புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுகிற இடம் அதுதான்.

அடிக்குறிப்பு, அடிக்குறிப்பு, இன்னும் கொஞ்சம் அடிக்குறிப்பு

அமெரிக்கக் கட்டுரையின் பக்கத்தைப் பார்த்தால் மேலே நாலு வரி இருக்கும், கீழே பாதிப் பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். 1987இல் பங்குச் சந்தைச் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவைப் பற்றி வந்த கட்டுரையில் 4,824 அடிக்குறிப்புகள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இதற்கும் அந்த மாணவர்தான் காரணம். அவருக்கு உங்கள் துறை தெரியாது, நீங்கள் சொல்வது உண்மையா என்று அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் கேட்பார். "இந்தியாவில் பலர் வாடகை வீட்டில் வசிக்கிறார்கள்" என்றால் அதற்கும் ஒரு ஆதாரம் கேட்பார். கோபப்படாமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டிவிட்டுப் போங்கள்.

மேற்கோள் பாணிக்கு அங்கே 'புளூபுக்' என்று ஒரு புத்தகம். 1926இல் சின்னக் கையேடாக வந்தது, இன்று தலையணை மாதிரி. ஹார்வர்ட், யேல், கொலம்பியா, பென்சில்வேனியா ஆகிய 4 இதழ்களும் சேர்ந்து வெளியிடுகின்றன. ரிச்சர்ட் போஸ்னர் என்ற பெரிய நீதிபதியே அதைத் திட்டி இரண்டு முறை கட்டுரை எழுதினார், அப்படியும் அது குறையவில்லை. இங்கிலாந்தில் ஆஸ்கோலா. இந்தியாவில் இதழுக்கு இதழ் மாறும், சிலர் புளூபுக், சிலர் ஆஸ்கோலா, சிலர் இந்தியச் சட்டக் கழகத்தின் பாணி. எழுதத் தொடங்கும்போதே எந்தப் பாணி என்று முடிவு செய்து, தகவலை எடுத்த அன்றே பக்க எண்ணோடு குறித்துவிடுங்கள். கடைசியில் உட்கார்ந்து 200 அடிக்குறிப்புக்குப் பக்க எண் தேடுகிற நரகத்தை நான் ஒரு முறை அனுபவித்திருக்கிறேன், அதுவும் நூலகம் விடுமுறையில் மூடியிருந்த வாரத்தில்.

இதோடு சேர்த்து ஒன்று. மேற்கோள்களை ஏஐயிடம் கேட்டு வாங்காதீர்கள். 2023இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை உண்மை என்று தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நீதிமன்றத்திலாவது எதிர்க்கட்சி தேடிப் பார்த்தால்தான் மாட்டுவீர்கள். லா ரிவ்யூவில் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் எடுத்து மூலத்தோடு ஒப்பிடுவதற்கென்றே ஒரு படை மாணவர்கள் இருக்கிறார்கள், தப்பவே முடியாது.

அனுப்புவதற்கு முன்னால் பேசிப் பாருங்கள்

துறைக் கூட்டத்திலோ, கருத்தரங்கிலோ, குறைந்தது நாலு நண்பர்கள் முன்னாலோ கட்டுரையை 20 நிமிடம் பேசுங்கள். எந்த இடத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களோ அந்த இடம் பலவீனம். அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படையை நாடாளுமன்றம் திருத்தி அழிக்க முடியாது என்கிற 'அடிப்படைக் கட்டமைப்பு' கோட்பாட்டின் கதையே ஒரு பேச்சிலிருந்து வருகிறது. 1965இல் ஜெர்மன் பேராசிரியர் கான்ராட் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில், திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டா என்று கேட்டார். வக்கீல் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தைக் கோலக்நாத் வழக்கில் எடுத்துப்போனார், 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பில் அது கோட்பாடாகவே நின்றது.

படித்துக் கருத்துச் சொன்னவர்களுக்கு முதல் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்ட அடிக்குறிப்பில் நன்றி சொல்வது வழக்கம். அந்த நன்றிப் பட்டியலை வைத்தே யார் வட்டம் பெரியது என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையிலேயே படித்தவர்கள் பெயரை மட்டும் போடுங்கள்.

அனுப்புவது

அமெரிக்க இதழ்களின் ஆசிரியர் குழு வருடா வருடம் மாறும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் புதுக் குழு பொறுப்பேற்று வெறும் பக்கங்களோடு உட்கார்ந்திருக்கும், அதுதான் பெரிய பருவம். ஆகஸ்டில் விடுமுறை முடிந்து திரும்பும்போது இன்னொன்று, கொஞ்சம் சின்னது. டிசம்பரில் தேர்வு. அப்போது அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான். நான் முதல்முறை இது தெரியாமல் நவம்பர் கடைசியில் அனுப்பிவிட்டு, பதில் வராததால் என் கட்டுரையே குப்பை என்று முடிவு கட்டியிருந்தேன்.

பெரும்பாலான இதழ்கள் ஸ்காலஸ்டிகா என்ற தளம் வழியாக வாங்குகின்றன. ஒவ்வொரு இதழுக்கும் சில டாலர் கட்டணம், 50 இடம் என்றால் பர்ஸ் கனமாக அடிபடும். உங்கள் நிறுவனத்துக்குக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில இதழ்கள் தங்கள் தளத்திலேயே நேராக வாங்கும். கட்டுரையோடு சுருக்கம், தன்விவரம், ஒரு பக்க அறிமுகக் கடிதம் வேண்டும். கடிதத்தில் வாழ்க்கை வரலாறு எழுதாதீர்கள், வாதம் என்ன, ஏன் இப்போது என்று 3 பத்தி போதும். தன்விவரத்தை ஏன் கேட்கிறார்கள்? துறை தெரியாத மாணவர் ஆளைப் பார்த்தும் எடைபோடுவார், பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் தராசு கொஞ்சம் சாயும். இது அநியாயம்தான். யேல், ஸ்டான்ஃபோர்ட் மாதிரி சில இடங்களில் பெயரை மறைத்துப் படிக்கிறார்கள், அவற்றுக்குப் பெயரில்லாத பிரதி தனியாகத் தயார் செய்யுங்கள். கோப்பின் பண்புகளிலும் பெயர் இருக்கும், அதையும் அழியுங்கள்.

ஆஃபர் வந்தால்

இங்கேதான் விநோதம். ஒரு இதழ் ஏற்றுக்கொள்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பி, ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்னும். சில இதழ்கள் 2, 3 நாள்தான் தரும். உடனே நீங்கள் அதைவிடப் பெரிய இதழ்களுக்கு "எனக்கு இன்ன இடத்திலிருந்து ஆஃபர் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பார்க்க முடியுமா" என்று எழுதலாம். இதற்கு 'எக்ஸ்பெடைட்' என்று பெயர், ஸ்காலஸ்டிகா தளத்திலேயே அதற்குப் பட்டன் இருக்கிறது. அவர்களில் ஒருவர் எடுத்தால் அதை வைத்து இன்னும் மேலே. ஏணி ஏறுவதுதான். வேலைப்பளுவில் இருக்கிற மாணவர்கள் மற்ற இதழ் எடுத்ததை ஒரு சான்றாக எடுத்துக்கொள்வதால் இது ஓடுகிறது. எது பெரிய இதழ் என்பதற்கு வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பலரும் பார்க்கிறார்கள்.

இரண்டே விதி. ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் மேலிடத்திலிருந்து வந்தாலும் மாறக் கூடாது, மற்ற எல்லா இடத்திலிருந்தும் அன்றே விலக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, எந்த இதழ் எடுத்தால் போட மாட்டீர்களோ அந்த இதழுக்கு முதலிலேயே அனுப்பாதீர்கள், அந்தப் பிள்ளைகள் உங்கள் கட்டுரையைப் படிக்க ராத்திரி கண்விழித்திருப்பார்கள்.

பெரிய இதழில் வரவில்லையே என்று மனசு விட வேண்டாம். கிம்பர்லே கிரென்ஷா 'இன்டர்செக்ஷனாலிட்டி' (இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒரே ஆள் மீது ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது) என்ற சொல்லை முன்வைத்த 1989ஆம் வருடக் கட்டுரை வந்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதன்மை இதழில் இல்லை, அதே கல்லூரியின் லீகல் ஃபோரம் என்ற இரண்டாவது இதழில். இன்று அந்தச் சொல் இல்லாமல் பாலினம் பற்றிய பாடத்திட்டமே இல்லை.

காசு கேட்டால் ஓடுங்கள்

இந்தியாவில் பதவி உயர்வுக்கும் பிஎச்டிக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்டதால் ஒரு பெரிய வியாபாரமே வளர்ந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் ஏற்பு, 1,500 ரூபாய், சான்றிதழ் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வரும். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள், அது தரச் சான்று இல்லை, வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பது மாதிரி ஒரு அடையாளம்தான். இவர்களை ஒழிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கொண்டுவந்த கேர் என்ற நல்ல இதழ்களின் பட்டியலையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள், ஆக இனி நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இதழில் வந்த 3 கட்டுரையைத் திறந்து படியுங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருப்பவரில் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டு உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரு முறை நான் அப்படிக் கேட்டபோது, தன் பெயர் அதில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எடுத்த பிறகு

ஏற்றதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், சில மாதங்கள் திருத்தம் ஓடும். மாணவர்கள் உங்கள் வாக்கியங்களை மாற்றுவார்கள், சில இடத்தில் நன்றாகவே மாற்றுவார்கள், சில இடத்தில் உங்கள் குரலையே அழித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் அவர்களும் பிடிவாதமாகிவிடுவார்கள். பத்தில் ஏழை விட்டுக்கொடுத்துவிட்டு, பொருள் மாறுகிற மூன்றில் மட்டும் காரணம் சொல்லி "பழையபடியே இருக்கட்டும்" என்று எழுதுங்கள். தமிழ் மூலங்களை மேற்கோள் காட்டியிருந்தால் ஸ்கேன் செய்த பக்கமும் உங்கள் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள், முன்னமே எடுத்து வையுங்கள். பழைய அரசாணை ஒன்றின் பிரதிக்காக ஒரு மாதம் அலைந்தவன் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். சட்டம் படித்தவர்கள்தான் தங்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். எஸ்எஸ்ஆர்என்னிலும் உங்கள் நிறுவனத் தளத்திலும் வைத்துக்கொள்ளும் உரிமை, பிறகு புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளும் உரிமை, இரண்டும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

அச்சானதும் பிடிஎஃப்பை நீங்கள் மேற்கோள் காட்டியவர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்புங்கள், எந்தப் பக்கத்தில் அவர் வருகிறார் என்று ஒரு வரி சேர்த்து. முக்கியமாக நீங்கள் மறுத்து எழுதியவருக்கு. எனக்கு வந்த மிக நீளமான பதில் அப்படி ஒருவரிடமிருந்துதான், 4 பக்கம், முழுக்க மறுப்பு, கடைசி வரியில் அடுத்த கட்டுரையின் வரைவு இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தார்.